கையை எடுத்தால் அணையும் வாள்

என் வலது கை விழுந்தபோது மனசுக்குள் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் எங்கள் வீட்டுக்காரர்தான் என்று நான் சொன்னால், சொந்தக்காரர்கள் எல்லாரும் என் வாயை அடைக்க வருவார்கள். வந்தால் வரட்டும். ஒருநாள் காலையில் பல் விளக்கப் போனேன். பிரஷ் கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தால் விரல்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. லேசான பக்கவாதம், இதோடு விட்டதே என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியில் இவர் என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அழுதது உண்மை. மூக்கைச் சிந்திச் சிந்தி என் துண்டையே நனைத்தார். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு, பயிற்சி சொல்லிக்கொடுக்க வரும் பெண் "ஒரு கட்டைய புடிச்சு இப்படி வீசிப் பழகணும்மா" என்று சொன்னாளே, அந்த நிமிடம் இவர் முகத்தில் ஒரு களை வந்தது. அதை நான் பார்த்தேன்.

பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே இவருக்கு ஒளிவாள் பைத்தியம். வானத்துக்கு அந்தப் பக்கம் கப்பல் விட்டுச் சண்டை போடுகிற படங்களில் வருமே, பிடி மட்டும் கையில் இருக்கும், பட்டனை அழுத்தினால் நீளமாக வெளிச்சம் கிளம்பும், அசைத்தால் 'வூங்' என்று உறுமும், அதுதான். அப்படி ஒன்றைத் தன் கையாலேயே செய்ய வேண்டும் என்று கல்யாணமான புதிதில் என்னிடம் சொன்னார். நான் சிரித்த சிரிப்பில் அந்தப் பேச்சு அதோடு அடங்கிப்போனது. இப்போது என் கையைச் சாக்கு வைத்து எழுந்து உட்கார்ந்துவிட்டது.

"துடைப்பக் கட்டைக்கு என்ன குறைச்சல்?" என்று கேட்டேன்.

"அதைத்தான் நேத்து தூக்கி எறிஞ்சு கண்ணாடிய உடைச்சியே. கட்டைய பார்த்தாலே உனக்கு எரிச்சல் வருது. கையில புடிக்க ஆசைப்படுற மாதிரி ஒண்ணு இருந்தா நீ வீசுவே."

"ஆசைப்படுறது யாரு, நானா நீங்களா?"

"ரெண்டு பேரும்னு வெச்சுக்கோயேன்" என்றார். வெட்கமே இல்லை.

இவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள பாதிக் கட்டிடங்களின் லிஃப்ட் இவர் கைபட்டு ஓடுகிறது. ஆனால் எங்கே போனாலும் படியேறித்தான் போவார். கேட்டால், "சமையல்காரன் ஓட்டல்ல சாப்பிடுவானா?" என்பார். தானாக ஓடுகிற எதையும் நம்ப மாட்டார். லிஃப்ட்டைப் பழுது பார்க்கும்போது பெட்டியின் தலைமேல் ஏறி நிற்பார்கள். அங்கே ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்திப் பிடித்திருக்கும்வரைதான் பெட்டி மெதுவாக நகரும். விரலை எடுத்தால் அந்த இடத்திலேயே நின்றுவிடும். மேலே நிற்கிறவன் மயங்கி விழுந்தாலும் பெட்டி அவனைக் கூரையில் வைத்து நசுக்காது. "கைய எடுத்தா நிக்கணும். அதுதான் நல்ல மெஷினுக்கு அழகு" என்பது இவருடைய வேதவாக்கு. அந்த வேதத்தை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்தார். தண்ணீர் மோட்டாருக்கு அப்படி ஒரு பட்டன் வைத்துவிட்டார். தொட்டி நிரம்பும்வரை நான் பட்டனை அழுத்திக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். மாடி வீட்டு அம்மா வந்து, "என்னம்மா, வீட்டுக்காரர் தண்டனை குடுத்திருக்காரா?" என்று கேட்டாள். மானம் போனது. அன்றைக்கே பழைய சுவிட்சை மாட்ட வைத்தேன்.

எனக்கு வேலை ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில். நீராவி இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி நாள் முழுக்க படுக்கை விரிப்பும் சட்டையும் தேய்க்க வேண்டும். வலது கை இல்லாமல் அங்கே ஒன்றும் நடக்காது. கண்காணிப்பாளம்மா போன் பண்ணும்போதெல்லாம் "நீ வா, உன் மேசை அப்படியேதான் இருக்கு" என்று சொல்கிறாள். பின்னால் என் மேசையில் வேறொருத்தி தேய்க்கிற சத்தம் கேட்கிறது. இருவர் சம்பளத்தில் ஓடிக்கொண்டிருந்த வீடு இது. இப்போது இவர் சம்பளம் மட்டும். என் கை திரும்புகிறவரை இவர் கைதான் இரண்டு பேருக்கும் கை. அது இருவருக்கும் தெரியும். தெரிந்ததை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

சாமான் வாங்க என்னையும் கூட்டிப் போனார். மின்சாமான் கடைகள் வரிசையாக இருக்கிற தெருவின் கடைசியில் ஒரு சின்னக் கடை. ஒரு அம்மாள், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, சுற்றிலும் குட்டிக் குட்டி இழுப்பறைகளோடு உட்கார்ந்திருந்தாள். இவர் விஷயத்தைச் சொன்னதும் சிரிக்கவில்லை. எனக்கு அதுவே ஏமாற்றமாக இருந்தது. உலகத்தில் இன்னும் எத்தனை பேர் இந்தப் பைத்தியத்தோடு அலைகிறார்களோ.

"விளக்கு எப்படி வேணும்? பிளாஸ்டிக் குழாய் முழுக்க உள்ளே பட்டை விளக்கு ஓட்டலாம். அது நல்லா எரியும், நுனிவரைக்கும் ஒரே வெளிச்சம். இல்லன்னா பிடிக்குள்ள ஒரே ஒரு பவர் எல்இடி. வெறும் குழாய்க்குள்ள வெளிச்சம் ஏறும். நுனி கொஞ்சம் மங்கலா இருக்கும்."

இவர் கை பட்டை விளக்கைத் தடவியது. படத்தில் வருகிற மாதிரி அதுதான் எரியும் என்று எனக்கே தெரிந்தது.

"இடிச்சா?" என்று கேட்டார்.

"இடிச்சா பட்டையில ஒரு இடம் செத்துப்போகும். அப்புறம் அதுக்கு மேல இருக்கிற எல்லாம் இருட்டு."

இவர் என்னைப் பார்த்தார். நான் கட்டிலில், கதவில், அலமாரியில், எங்கே எல்லாம் இடிப்பேன் என்று மனசுக்குள் கணக்குப் போடுவது தெரிந்தது. "ஒத்தை எல்இடியே குடுங்க" என்றார். ஒரு பெருமூச்சு விட்டார் பாருங்கள், பொண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிற அப்பா மாதிரி.

அடுத்தது சத்தம். அதில் மூன்று தினுசு போர்டு காட்டினாள். ஒன்று வெறுமனே உறுமிக்கொண்டே இருக்கும். இன்னொன்று வேகமாக வீசினால் மட்டும் 'விஷ்' என்று சத்தம் விடும். மூன்றாவது, கையோடு கூடவே சத்தமும் ஏறி இறங்கும். மெதுவாக அசைத்தால் மெதுவான சத்தம், வேகத்துக்கு வேகம்.

"எல்லாரும் நடுவில இருக்கிறதைத்தான் வாங்குறாங்க" என்று இரண்டாவதை என் இடது கையில் கொடுத்துச் சோதிக்கச் சொன்னாள். நான் பிடிவாதமாக வலது கைக்கு மாற்றிக்கொண்டேன். தூக்கினேன். வீசினேன். என்னைப் பொறுத்தவரை அது வீச்சு. போர்டு மூச்சு விடவில்லை. இன்னொரு தரம். ஊமை. ஒரு தகரத் துண்டுகூட என் கையை ஆள் என்று மதிக்கவில்லை. கடைக்காரம்மாள் வேறெங்கோ பார்த்தாள்.

இவர் அதை என் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்துவிட்டு மூன்றாவதைக் கையில் கொடுத்தார். நான் லேசாக மணிக்கட்டைத் திருப்பினேன். 'ம்ம்ம்' என்று உறுமி, மெல்ல ஏறி, மெல்ல இறங்கியது. "இது போதும். இதான்" என்றார். விலையைக் கேட்கவே இல்லை. அவர் வாழ்க்கையில் அப்படி வாங்கிய முதல் சாமான் அதுவாகத்தான் இருக்கும்.

பேட்டரியிலும் பெரிய பேச்சு. பெரிய செல் போட்டால் நாள் முழுக்க எரியும், ஆனால் கனக்கும். இவர் என் உள்ளங்கையைத் தராசாக்கி ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். கடைசியில் இருப்பதிலேயே சின்னது. "சீக்கிரம் தீர்ந்துபோகுமே" என்றேன். "அது தீர்றதுக்கு முன்னாடி நீ தீர்ந்துபோயிடுவே" என்றார். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து நான் வாய்விட்டுச் சிரித்தது அந்தக் கடையில்தான்.

சுவிட்ச் எடுக்கும்போதுதான் வினை. ஒருதரம் அழுத்தினால் எரியும், இன்னொரு தரம் அழுத்தினால் அணையும் சுவிட்சை அவள் எடுத்து வைத்தாள். இவர் அதைத் தள்ளிவிட்டார். "அழுத்திப் புடிச்சிருக்கிற வரைக்கும் எரியணும். விட்டா அணையணும்."

"அப்படி யாரும் வெக்கிறதில்ல சார். கை வலிக்கும்."

"கீழ போட்டா அணையணும்மா. இவ போட்டுட்டா குழாய் சூடாகி எங்கேயாவது பத்திக்கிச்சுன்னா? கைய எடுத்தா நிக்கணும்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன், இடது கையால்.

சாப்பாட்டு மேசையே பட்டறை ஆனது. ஞாயிற்றுக்கிழமைகளில், சாயங்காலங்களில், வேலையிலிருந்து வந்து சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்துவிடுவார். அலுமினியக் குழாயை அறுத்துப் பிடி செய்தார். எல்இடி சூடேறாமலிருக்க அதன் முதுகில் ஒரு செப்புத்துண்டு வைத்தார். வேலை மெதுவாக நடந்தது. ஸ்க்ரூவை எடுப்பார், விழும். குனிந்து தேடுவார். "சனியன், கையில நிக்குதா பாரு" என்று ஸ்க்ரூவைத் திட்டுவார். ஒருநாள் டீ கிளாஸும் விழுந்து உடைந்தது. "வீட்ல ஒரு கை விழுந்தா போதாதா?" என்று விளையாட்டாகக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். நானும் களைத்துத்தான் இருந்தேன். இரண்டு களைத்த மாடுகள் ஒரே கொட்டிலில் நிற்கிற மாதிரிதான் அந்த நாட்கள் போயின.

களைப்புக்குக் காரணம் ஒரு லிஃப்ட் என்று அவரே சொல்வார். ஒரு பழைய அலுவலகக் கட்டிடத்து லிஃப்ட். தலைமேல் ஏறி நின்று பட்டனை அழுத்திப் பிடித்தால், கொஞ்ச தூரம் போய்ச் சட்டென்று நிற்கிறதாம். திரும்ப ஓடும், திரும்ப நிற்கும். பட்டனை மாற்றினார். வயரை மாற்றினார். திரும்பவும் பட்டனை மாற்றினார். "என் சர்வீஸ்ல இப்படி ஒரு கோளாறு பார்த்ததில்ல. கூட வர்றவன் ஏறினா ஒழுங்கா ஓடுது. நான் ஏறினா மக்கர் பண்ணுது. கண்டுபிடிக்காம விடமாட்டேன்" என்று ஆரம்பத்தில் வீரமாகச் சொன்னார். போகப் போக அந்தப் பேச்சை எடுப்பதையே குறைத்துக்கொண்டார். நானும் கேட்கவில்லை. லிஃப்ட் பேச்சு கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்திருந்தது.

வாள் தயாரான அன்று சாயங்காலம் பயிற்சி முடிந்து நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, ஏதோ கிரீடம் சுமந்து வருகிறவர் மாதிரி இரண்டு கையிலும் ஏந்தி வந்தார். பழைய ரெக்ஸின் பையை வெட்டிப் பிடியில் சுற்றி, என் விரல் அமர வாகாகப் பள்ளம்கூட விட்டிருந்தார். நீல வெளிச்சம். எனக்குப் பிடித்த நிறத்தை நான் எப்போது சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை.

"அழுத்து" என்றார்.

கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். 'வூம்' என்று குழாய் முழுக்க நீலம் ஏறியது. அடி ஆத்தி, அழகுதான்! தூக்கலாம் என்று கையை உயர்த்தினேன். பாதியில் கட்டைவிரல் தளர்ந்தது. அணைந்தது. அழுத்தினேன், எரிந்தது. உயர்த்தினேன், அணைந்தது. எனக்குப் போனதே பிடிமானம்தான். அதிலும் கட்டைவிரல்தான் முதலில் போனது. பயிற்சிக்கு வரும் பெண்ணுக்கு அது தெரியும், டாக்டருக்குத் தெரியும், பக்கத்திலேயே படுத்துத் தூங்குகிற மனுஷனுக்குத் தெரியாதா? எல்இடி, போர்டு, பேட்டரி எல்லாவற்றையும் என் கையை நினைத்து நினைத்து வாங்கியவர், சுவிட்சை மட்டும் லிஃப்ட்டை நினைத்து வாங்கியிருக்கிறார்.

"உங்க வேதத்த கொண்டுபோய் குப்பையில போடுங்க" என்று அதைக் கட்டிலில் வீசினேன். அழுகை வந்துவிட்டது. "கைய எடுத்தா நிக்கணும், கைய எடுத்தா நிக்கணும்னு… எனக்குக் கையே இல்லைங்க! நான் எதைங்க எடுக்கிறது?"

"ஏய், அழாதே. கொஞ்சம் அழுத்தமா புடிக்கணும், அவ்வளவுதான். இந்தா பாரு" என்று அவர் அதை எடுத்து அழுத்தினார். தலைக்கு மேலே தூக்கி வீசினார். உறுமல் ஏறியது. நடுவில் அணைந்தது. எரிந்தது. அணைந்தது.

"லூஸ் கனெக்‌ஷன்" என்றார்.

பிடியைக் கழற்றினார். பற்றவைத்த இடங்களை எல்லாம் சூடு வைத்துத் திரும்ப ஒட்டினார். மாட்டினார். அழுத்தினார். எரிந்தது, அணைந்தது. மறுபடியும் கழற்றி மாட்டினார். நெற்றியில் வேர்வை. எனக்குப் பொறுமை போய்விட்டது. கொடியில் காய்ந்த துணியை எடுத்து வைத்திருந்த கூடையில் பெரிய கிளிப் ஒன்று கிடந்தது. சலவைக்கூடத்திலிருந்து வந்தது, கம்பளியையே கவ்விப் பிடிக்கும். "குடுங்க இப்படி" என்று வாளைப் பிடுங்கி, இடது கையால் அந்தக் கிளிப்பைப் பட்டன்மேல் கவ்வ வைத்தேன்.

எரிந்தது. நான் தூக்கினேன், அணையவில்லை. மெத்தையில் தட்டினேன், அணையவில்லை. குழாய் கட்டில் காலில் இடித்தது. அப்போதும் ஒரே சீராக எரிந்துகொண்டிருந்தது. நான் ஜெயித்துவிட்ட திமிரில் அவர் பக்கம் திரும்பினேன்.

அவர் வாளைப் பார்க்கவில்லை. தன் வலது கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை ஆள்காட்டி விரலோடு சேர்த்து அழுத்திப் பார்த்தார், விட்டார், திரும்ப அழுத்தினார்.

விழுந்த ஸ்க்ரூக்கள், உடைந்த கிளாஸ், அவர் ஏறினால் மட்டும் நிற்கிற லிஃப்ட், எல்லாம் ஒன்றாக வந்து என் நெஞ்சில் உட்கார்ந்தன.

"என்னங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "அந்த லிஃப்ட்ல கோளாறு எதுவும் இல்லையா?"

அவர் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார். பிறகு, "பட்டன ரெண்டாவது தடவை மாத்தினப்பவே சந்தேகம் வந்துச்சு" என்றார். "விரல் மரத்துப்போகுது. அழுத்திட்டிருக்கேன்னு நான் நினைப்பேன், அது அழுத்தாது. எத்தனை வருஷமா டிரில்லிங் மெஷின் புடிச்ச கை."

"ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்றது? உன் கையும் போச்சு, என் கையும் போச்சுன்னா? லிஃப்ட்டு மேலயே இருக்கட்டும் பழின்னு விட்டுட்டேன்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பயம்தான் வந்தது. அந்த இருட்டுக் கிணறு மாதிரி இடத்தில், பெட்டியின் தலைமேல், மரத்துப்போன கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாரே. பட்டன் விட்டால் பெட்டி நிற்கும். கம்பியைப் பிடித்த கை விட்டால் எது நிற்கும்?

"இனிமே மேல ஏறாதீங்க" என்றேன்.

"ஏறாம?"

அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். என் வலது கையால் அவர் கட்டைவிரலை அழுத்திப் பார்த்தேன். நான் அழுத்தியது அவருக்குத் தெரிந்ததா, அவர் விரல் எனக்குத் தெரிந்ததா, இரண்டுமே சந்தேகம்தான். வாள் மட்டும் கட்டிலில் கிளிப்போடு கிடந்து முனகிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்பவில்லை. ஷூவைப் போட்டுக்கொண்டு, கழற்றிவிட்டு, திரும்பப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு சூப்பர்வைசருக்குப் போன் போட்டார். போன் ஸ்பீக்கரில் இருந்ததால் நான் சமையலறையில் நின்று கேட்டேன்.

"சார், அந்தப் பழைய கட்டிடத்து லிஃப்ட். கோளாறு கண்டுபிடிச்சிட்டேன்."

"அப்பாடா! என்ன பார்ட்? சொல்லுங்க, இன்னிக்கே வரவழைச்சிடறேன்."

"பார்ட் எதுவும் வேணாம் சார். பட்டன் நல்லா இருக்கு, வயரும் நல்லா இருக்கு." எச்சில் விழுங்கினார். "ஆளத்தான் மாத்தணும்."

பிறகு சூப்பர்வைசர் ஏதேதோ சொன்னார். நேரில் வாங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க, ஆபீஸில் ஏதாவது பார்க்கலாம். 'உன் மேசை அப்படியேதான் இருக்கு' என்று கண்காணிப்பாளம்மா சொல்கிற அதே குரலில்தான் அவர் அந்த "ஏதாவது" என்ற சொல்லைச் சொன்னார். இவர் "சரி சார், சரி சார்" என்று சொல்லிவிட்டு போனை வைத்தார். ஷூவைக் கழற்றி மூலையில் ஒழுங்காக வைத்தார்.

பிறகு சமையலறைக்கு வந்தார். கையில் வாள். இன்னொரு கையில் ஸ்க்ரூடிரைவர்.

"சுவிட்ச மாத்திடறேன். ஒருதரம் அழுத்தினா எரியுற மாதிரி."

"வேணாம்" என்றேன்.

வாளை வாங்கினேன், கிளிப்பை மாட்டவில்லை. பட்டன்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். எரிந்தது. இடுப்புவரை தூக்கினேன், அணைந்தது. வீட்டில் ஒரு கையாவது வந்தாக வேண்டும். அவர் கதவில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்ப அழுத்தினேன்.